டிக்... டிக்... மஞ்சள் லென்ஸ்!

ட்ர்ரிங்... ட்ர்ரிங்...!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அடிக்கிற போன் நல்ல சேதி சொல்லி எந்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள்?

பிரதீபா இட்லிக் கொப்பரையை இறக்காமலே ஓடிப் போய் ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

"இனியன் வூடா?" கரகரத்தது ஒரு குரல். "இன்ஸ்பெக்டர் செல்வராஜ் பேசறேன். உம் புருஷன் எங்க ஸ்டேஷன்ல கீறான். தெரிஞ்ச வக்கீல் இருந்தா இட்டுகினு வா."

"வ... வக்கீலா? அவர் விடியக்காலைல போட்டோ எடுக்கத்தானே சார் போனாரு?"

"போட்டோ எடுக்கத்தான் போனான். போன எடத்துல ஒரு கொலையும் பண்ணிட்டான்!"

டொக்.

பிரதீபாவின் கையிலிருந்து ரிசீவர் நழுவித் தொங்கியது.

அவள் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி விஞ்ஞானி. கணவன் இனியன் சிறுசேரியில் சாஃப்ட்வேர். கரப்பான்பூச்சியைக்கூட பேப்பரில் ஏந்தி வெளியே விடுகிற மனுஷன். அவனா கொலை செய்தான்?

நாலு வயசு மகள் அம்முவை எதிர் வீட்டு சாரதாம்பாள் மாமியிடம் விட்டுவிட்டு, சிநேகிதி சஹானாவின் காரில் பறந்தாள்.

மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் அந்த ஸ்டேஷன்.

மேஜை மேல் ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா கிடந்தது. முன்னால் லென்ஸ் இல்லை. வெறும் ஓட்டை. ஓட்டைக்குள் மணல்.

"செத்தவன் பேரு ஞானதாஸ்," என்றார் இன்ஸ்பெக்டர் செல்வராஜ். "வெள்ளக்காரனுங்களுக்குப் பழைய கேமரா, பழைய லென்ஸ், செலைன்னு விக்கற கடைக்காரன். விடியக்கால பாறைகிட்ட மண்டை பொளந்து கெடந்தான். உம் புருஷன் அந்தப் பக்கம் பைக்ல போனதைப் பாத்த ஆளு கீது."

"ஒவ்வொரு ஞாயிறும் சூரியோதயம் எடுக்கப் போவாரு சார்! அதுக்காக கொலைகாரனா?"

"இரும்மா... ஞானதாஸோட இந்தக் கேமரா அம்பதாயிரம். அங்கயே கெடக்குது. இதுல மாட்டியிருந்த கெழட்டு லென்ஸை மட்டும் காணோம். திருடனா இருந்தா எதைத் தூக்குவான்? கேமராவை வுட்டுட்டு லென்ஸை மட்டும் கழட்டிகினு போற பைத்தியம் இந்த ஜில்லாவுலயே ஒருத்தன்தான்!"

"அதை வெச்சு எப்படி சார்...?"

"இன்னும் கேளு. கேமராவுல கீற போட்டோவுல லென்ஸுன்னு போட்ட எடத்துல பூஜ்யம்னு வருது. இன்னாடா இதுன்னு கேட்டேன். 'பழைய லென்ஸ் சார், கையால திருப்பித்தான் ஃபோகஸ் பண்ணணும், கேமராவால அதோட பேச முடியாது, அதான் பூஜ்யம்'னு கண்ணு பளபளக்க வெளக்கறான்! லாக்கப்புல நின்னுகினு!"

ஐயோ, அது இனியன்தான். சந்தேகமே இல்லை. தூக்குமேடையில் நிறுத்தினாலும் ஃபோகஸ் பற்றி வகுப்பெடுப்பான்.

"போன வாரம் நடுத்தெருவுல, 'அந்த லென்ஸை வாங்காம வுட மாட்டேன்'னு ஞானதாஸ்கிட்ட கத்தியிருக்கான். ஸ்டேஷன் வரைக்கும் வந்த சண்டை. இன்னாம்மா சொல்றே?"

பிரதீபா கேமராவின் அந்த ஓட்டையையே பார்த்தாள்.

அந்தச் சண்டைக்கே அவள்தான் காரணம்!

ரெண்டு மாதம் முன்னால் ஞானதாஸ் கடையில் இனியன் வாங்கி வந்த லென்ஸ் அது. அறுபதுகளில் செய்த ஜப்பான் சரக்கு. கண்ணாடி லேசாக மஞ்சள் பூத்திருந்தது. ஒரு வளையத்தை வைத்து அதைத் தன் டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொண்டு, "அம்மு, அசையாதடா... அசையாதடா..." என்று திருகிக்கொண்டே இருப்பான். அவன் ஃபோகஸ் பண்ணி முடிப்பதற்குள் பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துவிடும் என்று பிரதீபா கேலி செய்வாள்.

ஒரு நாள் அந்த மஞ்சளைப் பார்த்து அவளுக்குப் பொறி தட்டியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அவளே செய்து வைத்திருந்த கதிர்வீச்சு மானியை லென்ஸ் பக்கத்தில் வைத்தாள்.

டிக்டிக்டிக்டிக்டிக்...!

அந்தக் காலத்தில் சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாத அளவுதான். விஞ்ஞானிக்கு அது தெரியும். பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?

"திருப்பிக் கொடுத்துட்டு மறுவேலை பாருங்க!" என்று கத்தினாள். கொடுத்துவிட்டான். அப்புறம் தூக்கம் வராமல் தவித்து, திரும்பக் கேட்கப் போய், ஞானதாஸ் மறுத்து... வாய்ச் சண்டை.

"சார், ஒரு நிமிஷம் அவர்கிட்ட பேசிக்கிறேன். கெஞ்சிக் கேக்கறேன்!"

"பேசு. சாயங்காலம் செங்கல்பட்டுல மாஜிஸ்ட்ரேட் வூட்ல ஆஜர் பண்ணிடுவேன். அப்பால ஜெயில்லதான் பாக்கணும்."

கம்பிக்குப் பின்னால் இனியன். உதடு கிழிந்திருந்தது.

"நான் பண்ணலை பிரதீ... நான் கிளம்பறப்போ அவர் உயிரோட இருந்தாரு. அந்த லென்ஸைத்தான் மாட்டியிருந்தாரு."

"அப்ப அந்த லென்ஸ் யார்கிட்ட இருக்கோ அவன்தான் கொலைகாரன்! நான் கண்டுபிடிக்கிறேங்க. எங்கிட்டதான் மானி இரு..."

"வேண்டாம்!" இனியன் பதறினான். அவன் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் போய் வந்தது. "லென்ஸைத் தேடாத. வீட்டுக்குப் போ. கதவைச் சாத்திக்கோ. யாரையும் உள்ள விடாத!"

"ஏன்...?"

"டைம் ஆயிடுச்சு!" செல்வராஜ் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

வெளியே வந்ததும் சஹானா கையைப் பிடித்தாள். "இன்னாடி சொன்னாரு?"

"தேடாதங்கறாரு."

"உயிர் போற நேரத்துல ஏன்டி அப்படிச் சொல்றாரு?"

"தெரியலை. ஆனா நான் தேடத்தான் போறேன். ஞானதாஸ்கிட்ட அந்த லென்ஸை இன்னொருத்தனும் கேட்டுக்கிட்டே இருந்தான். தேஜஸ். திருப்போரூர்ல கல்யாண ஸ்டுடியோ. வண்டியை எடு!"

வீட்டிலிருந்து மானியை எடுத்து டிபன் பையில் போட்டுக்கொண்டாள். சத்தம் வெளியே வராமல் இயர்போன் சொருகி, எஃப்.எம். கேட்கிற பெண் போல ஸ்டுடியோவில் நுழைந்தாள்.

"குழந்தைக்குப் பர்த்டே போட்டோ எடுக்கணும்."

"எடுத்துரலாம் மேடம். இன்னா சைஸு?" என்றான் தேஜஸ்.

பிரதீபா சைஸ் சொல்லிக்கொண்டே அலமாரியை உரசினாள். கண்ணாடிப் பெட்டியை உரசினாள். ஃப்ரேம் பார்க்கிற சாக்கில் உள் அறைக்கே போய்விட்டாள்.

காதில்... டிக். அமைதி. இன்னொரு டிக். அவ்வளவுதான். கல்லிலும் மண்ணிலும் எங்கே வைத்தாலும் கேட்கிற சாதாரணச் சத்தம்.

இல்லை. இங்கே இல்லை!

"உங்களுக்கு ஞானதாஸைத் தெரியுமா?" என்றாள், தாங்காமல்.

"அவரா? போன மாசமே அந்த மஞ்ச லென்ஸ் வேணாம்னு சொல்லிட்டேனே. கல்யாணத்துல தாலி கட்டறப்ப ஃபோகஸை திருகிகினு நின்னா, ரெண்டு வூட்டாரும் சேந்து என்னைக் கட்டி வெச்சு ஒதைப்பாங்க மேடம்!"

காரில் ஏறியதும் பிரதீபா உடைந்து போய் அழுதாள். மூணு மணி. இன்னும் கொஞ்ச நேரத்தில் செங்கல்பட்டு. அப்புறம் ஜெயில். அம்மு அப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வாள்? திருப்பிக் கொடு என்று தான் கத்தாமல் இருந்திருந்தால் சண்டையும் இல்லை, சந்தேகமும் இல்லையே... கடவுளே, இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்?

குவார்ட்டர்ஸில் மூணாவது மாடி. சஹானா வக்கீலைப் பார்க்கப் போய்விட்டாள். பிரதீபா தள்ளாடிப் படியேறி, இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பையை ஹால் நாற்காலியில் மாட்டினாள். பைக்குள்ளிருந்து சோம்பலாக ஒரு டிக். அணைக்கக்கூடத் தெம்பில்லை.

கதவு தடதடத்தது.

திறந்தால் இன்ஸ்பெக்டர் செல்வராஜ்! பக்கத்தில் பெண் கான்ஸ்டபிள் கன்னியம்மா.

"வூட்டை சோதனை போடணும்மா. அந்த லென்ஸை இங்கதான் ஒளிச்சு வெச்சிருக்கான்னு தகவல். முறைப்படி ரெண்டு சாட்சி வேணும். கௌரவமான மனுஷங்களா யாருனா கீறாங்களா?"

அவரே எதிர்க் கதவைத் தட்டினார். பாஷ்யம் மாமாவும் சாரதாம்பாள் மாமியும் எட்டிப் பார்த்தார்கள். "குழந்தை தூங்கறாளே..." என்றாள் மாமி.

"அஞ்சே நிமிஷம்மா. நாங்க எடுக்கறதைப் பாக்கணும். கையெழுத்துப் போடணும். அவ்ளோதான்."

எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

டிக்... டிக்... டிக்டிக்டிக்டிக்டிக்!

பிரதீபா சட்டென்று பையைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்த வீட்டிலா? லென்ஸ் இந்த வீட்டிலா இருக்கிறது?

'லென்ஸைத் தேடாத...'

அடப்பாவி! அதற்காகத்தான் தேடாதே என்றாயா? நீயேவா? ஒரு துண்டுக் கண்ணாடிக்காக ஒரு உயிரையா எடுத்தாய்? அவளுக்குக் கதற வேண்டும் போல இருந்தது.

"இன்னா சத்தம் அது?" செல்வராஜ் பையை முறைத்தார்.

"எ... எலி விரட்டற மெஷின் சார்!" புருஷன் கொலைகாரனாகவே இருக்கட்டும், வாய் அவனுக்காகப் பொய் சொல்லிவிட்டது.

"ஓஹோ. எலி ஜாஸ்தி போல!" சிரித்தபடி படுக்கையறைப் பக்கம் நடந்தார்.

டிக்டிக்... டிக்... ... டிக்.

சத்தம் செத்துப் போனது!

பிரதீபா விழித்தாள். செல்வராஜ் எதையோ நினைத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பி வந்தார்.

டிக்டிக்டிக்டிக்டிக்!

அவர் நகர்ந்தால் சத்தமும் நகர்ந்தது.

பிரதீபா மெல்லத் திரும்பி பாஷ்யத்தைப் பார்த்தாள். பாஷ்யம் ஏற்கெனவே இன்ஸ்பெக்டரின் பேன்ட் பாக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அவள் ஆபீஸ்தான். கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவு. தலைமுடி நரைத்ததே அந்த டிக் டிக்கைக் கேட்டுத்தான்.

"சார், அப்படியே நில்லுங்கோ. அசையாதேங்கோ!"

பையிலிருந்து மானியை எடுத்தார். தினமும் ஆபீஸில் ஆட்களைச் சோதிப்பது போல, செல்வராஜின் தொப்பியிலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தார். தோள், சட்டை, இடுப்பு... வலது பாக்கெட் வந்ததும் மானி அலறியது.

"யோவ்! போலீஸ்காரனையே சோதனை போடறியா? இன்னாய்யா அது?"

"உங்களுக்குக் குழந்தை குட்டி இருக்கோ?"

"ஒரு பொண்ணு கீது. இன்னாத்துக்கு?"

"அப்ப சரி. இனிமே பொறக்காது, அதான் கேட்டேன்."

"இன்னாது...?"

"பாக்கெட்ல இருக்கறது கதிர்வீச்சு சார்! காலைலேர்ந்து அங்கேயே வெச்சிண்டிருக்கேளா? அடடா... எந்த இடத்துல போய் வெச்சிருக்கேள்!"

சாரதாம்பாள் மாமி "சிவ சிவா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான்! செல்வராஜ் தேள் கொட்டினவர் போலத் துள்ளினார். பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பிடுங்கித் தூக்கி எறிந்தார்.

டைல்ஸ் தரையில் உருண்டு, பிரதீபாவின் காலடியில் வந்து நின்றது... மஞ்சள் லென்ஸ்!

செல்வராஜ் அதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். நடந்தது புரிந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க வீட்ல வைக்கத்தான் கொண்டு வந்தியா?" பிரதீபா வீறிட்டாள். "உனக்குப் பயந்துதான் அவர் லென்ஸைத் தேடாதன்னாரு! உன்னை நம்பி என் புருஷனைச் சந்தேகப்பட்டேனேடா, பாவி!"

"இது... இது வந்து..."

"ஐயா," என்றாள் அதுவரை வாயே திறக்காத கன்னியம்மா. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றாள். "செலை கடத்தறதுல உன் பங்கை வெளிய சொல்லிடுவேன்னு நேத்து ஞானதாஸ் கடைல கத்துனாரு. நான் வாசல்ல நின்னுகினு இருந்தேன். விடியக்கால ஜீப்பை எடுத்துகினு தனியா போனே. அந்த லென்ஸ் சண்டையை வெச்சு இந்தப் புள்ளயாண்டான் தலையில கட்டிட்டே. பயந்துகினு சும்மா இருந்தேன். இனிமே முடியாது. எஸ்.பி. ஆபீசுக்குப் போன் போடும்மா!"

பிரதீபா அழுதுகொண்டே டயல் செய்தாள்.

செல்வராஜ் கன்னியம்மாவின் லத்தியைப் பார்த்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "பெரியவரே... நெசமாவே கொழந்த பொறக்காதா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. சும்மா சொன்னேன்!" பாஷ்யம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"சாட்சிக்குன்னு கூப்பிட்டேளே... எங்க கையெழுத்துப் போடணும் சார்?"