வாடித் தெருவின் கடிகாரம்

“மறுபடியும் எண்ணைப் போட்டுப் பாத்தியா?”

“போட்டேன்.”

“என்ன சொல்லுது?”

“அனுமதி மறுக்கப்பட்டதுன்னு. வேற வார்த்தையே தெரியாது போல அதுக்கு.”

“ஏளா, திறக்கலைன்னா திரும்பத் திரும்ப முட்டாத. தப்பா முட்டுறவங்கள அது எண்ணிக்கிட்டே வரும். இன்னும் எத்தன தடவ விடும்?”

ஜெசிந்தா திரையின் அடியில் இருந்த சிறிய எழுத்துகளைப் படித்தாள். “ஒண்ணே ஒண்ணு.”

“அதுவும் தப்புன்னா?”

“விடியிற வரைக்கும் பூட்டிக்கிடுமாம்.”

பேசியின் மறுமுனையில் இருந்தவள் ரிஸ்வானா. அவள் காயல்பட்டினத்துக் குளிர்கூடத்தின் காப்பாளர். இருவரும் ஒன்றாகப் பயிற்சி பெற்று இந்தக் கோடைக்குத்தான் வேலையில் சேர்ந்தவர்கள். ரிஸ்வானா தன் ஊர்த் தெருக்களை நேற்றே எழுப்பி முடித்திருந்தாள். அந்த ஒரு நாள்தான் அவளுடைய கூடுதல் அனுபவம்.

வெயிலில் நடமாட முடியாது என்று ஆன பிறகு கடற்கரை ஊர்கள் எல்லாம் கோடையை இப்படித்தான் கழிக்கின்றன. பங்குனி பிறந்ததும் ஊர் படுத்துவிடும். உடல்கள் குளிர்கூடத்தின் கீழ்த்தளத்தில், கண்ணாடிப் பெட்டிகளில் உறங்கும். மனங்கள் மேல்தளத்து வழங்கிக் கணினிகளில், மெய்நிகர் பொறிகளுக்குள் வாழும். ஒரு தெருவுக்கு ஒரு பொறி. உள்ளே அதே வீடுகள், அதே கடல், அதே அடுத்த வீட்டுச் சண்டை. பசி உண்டு, காய்ச்சல் உண்டு. வெயில் மட்டும் கிடையாது. தொடக்கத்தில் ஒரு முறை தெருமுனைக் கதவு மூடப்படும், இறுதியில் ஒரு முறை திறக்கப்படும். நடுவில் யாரும் பேச முடியாது. பேசினால் கீழே உறங்கும் உடல் பாதியில் விழித்துத் திணறும். அதனால் கோடை முழுக்க விசிறிகளையும் குளிரையும் கவனிப்பதைத் தவிர காப்பாளருக்கு வேலை இல்லை. ஒரு பொறிக்குள் நுழைவது என்பது ஜெசிந்தாவுக்கு இன்றுதான் முதல் அனுபவம்.

மற்ற தெருக்கள் மதியத்துக்குள் எழுந்து, புதிதாக நடை பழகுகிறவர்களைப் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டன. வாடித் தெரு மட்டும் மிச்சம். சூரியன் மறைந்ததும் இந்தக் கட்டடத்தின் மின்சாரம், முந்தி வரும் மழைக்கான வெள்ள முகாம்களுக்குத் திருப்பப்படும். பெட்டிகளுக்கு மின்கலம் உண்டு. பொறிகளுக்குக் கிடையாது.

வாடித் தெருப் பொறியில் ஜெசிந்தாவின் கணவன் கிளாட்வின் இருந்தான். மகள் பிரின்சி இருந்தாள். ஆறு வயது. பெட்டியை மூடும்போது, “நீயும் வாம்மா” என்று கண்ணாடியைத் தட்டினாள். “நீ கண்ண முழிக்கும்போது நாந்தான் முன்னால நிப்பேன்” என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள்.

“முதல்ல இருந்து வருவோம்,” என்றாள் ரிஸ்வானா. “பேரு சரியா அடிச்சியா?”

“எம்பேரு எனக்குத் தெரியாதா?”

“எனக்கு நேத்து ரெண்டு மணி நேரமாத் தெரியல. முன்னால ஒரு இடைவெளி விட்டிருந்தேன். சிரிக்காத. பொறி உயிரோட இருக்கா?”

“கூப்பிட்டா பதில் குடுக்கு.”

“திறவுகோல் கோப்பு?”

“ஏத்துக்கிடுச்சு. கடவுச்சொல்லையும் ஏத்துக்கிடுச்சு. கடைசியா கைக்கருவில வர்ற எண்ணைக் கேக்கும்ல, அங்கதான் நிக்கி.”

கைக்கருவி தீப்பெட்டி அளவே இருக்கும். அதில் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். அரை நிமிடத்தில் அது போய் வேறு வரும். ஜெசிந்தா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எண் மாறியது.

“அந்த எண்ணு எங்கேருந்து வருதுன்னு நெனைக்க?” ரிஸ்வானாவின் குரல் இப்போது மெதுவாக வந்தது. “யாரும் அனுப்புறது இல்ல. கருவி தன்னோட நேரத்த வச்சுக் கணக்குப் போடுது. உள்ள பொறியும் தன்னோட நேரத்த வச்சு அதே கணக்கப் போடுது. ரெண்டு கடிகாரமும் ஒண்ணாக் காட்டினாத்தான் எண்ணும் ஒண்ணா வரும்.”

“அப்ப பொறியோட கடிகாரம் பிசகியிருக்கு.”

“உன்னோடதா அதோடதான்னு பாரு மொதல்ல.”

“உள்ள போகாம எப்படிப் பாக்க?”

“வழங்கியிலயே நேரடித் திரை ஒண்ணு ஒட்டியிருக்கும். சன்னல் வழியா எட்டிப் பாக்க மாதிரி. உள்ள போக முடியாது, வாசல்ல எழுதியிருக்கதப் படிக்கலாம்.”

ஜெசிந்தா வழங்கி அடுக்குகளுக்கு நடுவே நடந்தாள். மற்றவை எல்லாம் அடங்கிக் கிடந்தன. வாடித் தெருவின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கோடை முழுக்க அப்படித்தான் இரைந்தது. வெயில் ஏறுவதால் என்று நினைத்து அவள் குளிரைக் கூட்டி வைத்துவிட்டுப் போவாள். திரையின் தூசியைத் துப்பட்டாவால் துடைத்தாள். தெருவின் பெயர். உள்ளே இருப்போர் நாற்பத்து நால்வர். அதன் கீழே தேதி.

அவள் மறுபடியும் துடைத்தாள். எழுத்து மாறவில்லை.

“ரிஸ்வானா, இதுல வருசம் தப்பா இருக்கு. ஒம்பது வருசம் கழிச்சு வரப்போற தேதி ஓடுது. ஆளு எண்ணிக்கையும் தப்பு. கீழ நாப்பத்தொரு பெட்டிதான் இருக்கு.”

“எண்ணிக்கைய விடு. கடிகாரமே கிறுக்குப் பிடிச்சு நிக்கும்போது அது மட்டும் சரியா இருக்கவா போகுது? பொறி எவ்வளவு உழைக்குதுன்னு ஒரு கோடு இருக்கும், அதப் பாரு.”

கோடு உச்சியில் இருந்தது. விரலால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். கோடை தொடங்கிய சில நாட்களில் ஏறிய கோடு, பிறகு இறங்கவே இல்லை.

“கடிகாரம் தப்பு இல்லளா,” என்றாள் ரிஸ்வானா. “அது நெசமாவே வேகமா ஓடியிருக்கு. உள்ள ஒம்பது வருசம் போயிருக்கு.”

ஜெசிந்தாவுக்கு லூர்து அண்ணாச்சியின் முகம் நினைவுக்கு வந்தது. அவர்தான் தெருத் தலைவர். உள்ளே கடிகாரத்தைத் தொடும் உரிமை ஒவ்வொரு தெருத் தலைவருக்கும் உண்டு. கடலுக்குப் போகச் சீக்கிரம் விடிய வேண்டும் என்றால் சற்று நகர்த்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். இந்த ஆண்டு மழை முந்தி வரும் என்று ஜூலைக் கடைசியிலேயே எழுப்ப உத்தரவு வந்திருந்தது. மாதா கோயில் திருவிழாவோ ஆகஸ்டில் முடியும். கடைசிக் கூட்டத்தில், “தேர் பாக்காம எந்திரிச்சி என்ன செய்ய? உள்ள போய் நம்ம கடிகாரத்த நாமளே கொஞ்சம் வேகமா ஓட விட்டுக்கிடுவோம்” என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தேர் முடிந்ததும் திருப்பி வைத்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். ஓடும் கடிகாரத்துக்குள் இருப்பவர்களுக்கு ஓட்டம் தெரியாது.

“கேளு,” என்றாள் ரிஸ்வானா. “நிலைநகல் இருக்குல்ல? கதவ மூடின அன்னைக்கு எல்லார் மனசையும் நகல் எடுத்தது.”

“இருக்கு.”

“அப்ப ஒண்ணும் செய்யாத. கரண்டு போகட்டும். நாளைக்கு நிலைநகல்ல இருந்து எல்லாரையும் எழுப்பிரலாம். நேத்துத்தான் படுத்த மாதிரி எந்திரிப்பாங்க. உம்மவ ஆறு வயசாவே வருவா.”

“உள்ள வளந்திருக்கவ?”

“கரண்டோட போயிருவா,” என்றாள் ரிஸ்வானா.

சன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை ஜெசிந்தா நினைத்துப் பார்க்க முயன்றாள். முகம் வரவில்லை. கண்ணாடியைத் தட்டிய சின்ன விரல்கள்தான் வந்தன. சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், அந்த விரல்கள் நாளைக்குத் திரும்பக் கிடைத்துவிடும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். நுழைய முடியவில்லை, புதியவள், முயன்று பார்த்தாள் என்று அறிக்கையில் எழுதுவார்கள்.

அவள் கைக்கருவியின் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே நேரத்தை நகர்த்தும் சிறிய பொத்தான் இருந்தது.

“அங்க என்ன செய்யுத?” என்று கேட்டாள் ரிஸ்வானா.

“அவுங்க கடிகாரத்த என்னால தொட முடியாது. என்னோடத அவுங்க நேரத்துக்கு மாத்துதேன்.”

கருவியில் ஆண்டுகள் நகர்ந்தன. நுழைவுத் திரையை நேரடித் திரைக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டாள். நேரடித் திரையில் நிமிடங்கள் உருண்டோடிக்கொண்டிருந்தன. இங்கே ஒரு நிமிடம், அங்கே அரை மணி நேரம். அவள் ஓடும் நேரத்தைச் சற்றுத் தாண்டிப் போய்க் கருவியை நிறுத்தி, அது காட்டிய எண்ணை முன்கூட்டியே அடித்து வைத்துக்கொண்டு, திரை அந்த நேரத்தை எட்டும்வரை காத்திருந்தாள். எட்டியதும் அனுப்பினாள். ஆறு இலக்கங்கள். கடைசி வாய்ப்பு.

திரை வெறுமையானது. பிறகு, ‘நல்வரவு’ என்றது.

“உள்ள போயிட்டேன்,” என்றாள். ‘எழுப்பு’ என்ற கட்டளையை அடித்தாள். அனுப்பும் விசையை அழுத்துவதற்கு முன்பே கீழே ஒரு வரி தோன்றியது. உள்ளே, தெருமுனைக் கதவடியில் யாரோ இருந்தார்கள்.

‘யாரு?’

‘வாடித் தெரு காப்பாளர் ஜெசிந்தா.’

‘அந்தப் பேருல எங்க அம்மா இருந்தாங்க.’

‘பிரின்சி, அம்மாதான்.’

அவள் அடுத்த வரியை யோசிக்கும் முன்பே திரை நிறைந்தது. அங்கே நேரம் தாராளமாக இருந்தது.

‘நெசமாவா? எழுப்புற நாள் வந்தும் கதவு திறக்கல. வெளிய எல்லாரும் போய்ச் சேந்துட்டீங்கன்னு பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் மட்டும் சாயங்காலம் ஆனா இங்க வந்து உக்காருவேன். கிறுக்கின்னு கேலி பண்ணுவாங்க. இப்ப ஓடிப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். அப்பா அழுதாங்க. சித்தியும் அழுதாங்க. அம்மா, அப்பா மேல கோவப்படாதீங்க. ரொம்ப நாள் கழிச்சுத்தான் கல்யாணம் பண்ணுனாங்க. நீங்க இல்லன்னு நெனச்சு. ஏன் பதில் சொல்லாம இருக்கீங்க? கோவமா?’

ஜெசிந்தா ‘நீங்க’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவசரமாக அடித்தாள். ‘கோவம் இல்ல. இங்க நாலு மாசம்தான் ஆச்சு. இருட்டுறதுக்குள்ள எல்லாரும் எந்திரிக்கணும். உன் உடம்பு இன்னும் ஆறு வயசாத்தான் இருக்கு.’

‘பரவால்லம்மா. இன்னொரு தடவ வளந்துக்கிடுதேன்.’

அவள் அழுகையும் சிரிப்புமாக அதை உரக்கப் படித்தாள். பேசியில் ரிஸ்வானாவும் மூக்கை உறிஞ்சினாள். “அனுப்புளா. வெளிச்சம் போகுது.”

விரல் விசைக்குப் போனது. அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

‘எல்லாரும் கதவுக்கிட்ட வந்துட்டோம். ஒண்ணு மட்டும் கேக்கணும். தம்பி எங்கூடத்தான் படுப்பான். ஜெனோ. நாலு வயசு. பாக்க அப்பா மாதிரியே இருப்பான். தெருவுல இன்னும் ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு, ஆனா அதுங்க பயப்படாது. இவன் எந்திரிக்கும்போது பக்கத்துல நான் இல்லைன்னா அலறுவான். அவன என் பக்கத்துப் பெட்டியில வையுங்க.’

நாற்பத்து நாலு. நாற்பத்தொன்று. கணக்கு தப்பாக இருக்கவில்லை. மூன்று பேருக்குக் கீழே உடலே இல்லை.

பொறி வாழ்க்கையை முழுசாக நடத்தும். பசியையும் காய்ச்சலையும் கொடுத்தவர்கள் பிள்ளை பிறப்பதை மட்டும் எடுத்துவிட நினைக்கவில்லை. ஒரு கோடைக்குள் பத்து மாதம் அடங்காது. அதனால் எந்த விதியிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“என்ன ஆச்சு?” என்றாள் ரிஸ்வானா. “ஜெசிந்தா? அனுப்பிட்டியா?”

கீழ்த்தளத்தில் பிரின்சியின் பெட்டிக்கு ஒரு பக்கம் கிளாட்வின் உறங்கினான். மறுபக்கம் சுவர். சன்னலில் சூரியன் உப்பளத்துக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றது. ‘எழுப்பு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குறி துடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே புதிய வரி ஒன்று வந்தது.

‘அம்மா? இங்க இருட்டிருச்சு. ஜெனோ என் மடியிலயே தூங்கிட்டான்.’

அவள் விசைப்பலகை மேல் கைகளை வைத்திருந்தாள். சூரியன் உப்பளத்தைத் தொட்டது.

‘அம்மா, இருக்கீங்களா? இங்க விடிஞ்சிருச்சு. தம்பிக்குக் குளிர் ஆகாது. அவன் பெட்டியில ஒரு போர்வ போட்டு வையுங்கம்மா.’