பானகம் செய்த பிழை

மாசி மகத்தன்று மழை வழிதவறி வந்தது. வைத்திக்குப்பத்துக் கடலில் தெய்வங்கள் தீர்த்தவாரி கண்டுகொண்டிருந்த காலை வேளையில், நனைந்த புடவையோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குள் ஓடிவந்த பூவாயி, எதிரே வந்தவன் மீது மோதினாள். அவன் கையிலிருந்த கண்ணாடிக் குழாய் விழுந்து நொறுங்கியது.

"கண்ணு தெரியலையா?" என்றான் கன்னியப்பன்.

அவள் நிமிர்ந்தாள். மழைத்துளி தொங்கிய இமைகள்... அவற்றின் கீழே அலையடங்கிய இரு கருங்கடல்கள். கேட்ட கேள்விக்காக அவனே வெட்கினான்.

"நல்லாவே தெரியுது முசியே. நீங்கதான் குழாயைப் பார்த்துக்கிட்டே நடந்தீங்க."

பிரெஞ்சுக்காரன் ஆட்சி போயிற்று. ஐயா என்பதற்கு அவன் சொன்ன 'முசியே' மட்டும் புதுச்சேரியின் நாவை விட்டுப் போகவில்லை.

பூவாயி பள்ளி ஆசிரியை. மீன் விற்று அவளைப் படிக்கவைத்த தாய் அஞ்சம்மாள், நடுவயதில் வந்த நீரிழிவுக்கு ஒரு கால்விரலைப் பறிகொடுத்தவள். அத்தகையோரின் பிள்ளைகளிடம் இரத்தம் எடுத்துப் பாரிசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் பெரிய டாக்டர். எடுப்பவன் கன்னியப்பன்.

வெறும் வயிறுதானே என்று கேட்டான். ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். எதை அளப்பார்கள் என்று அவள் கேட்க, அவன் சொன்னான்:

"இன்சுலின்னு ஒரு சுரப்பு நீர் டீச்சர். இரத்தத்துல வர்ற சர்க்கரையை உள்ள விடச்சொல்லி உடம்போட கதவைத் தட்டுற ஆளு. நடுவயசுல நோய் வர்றவங்களுக்கு அந்த ஆளே இல்லைன்னு நெனைச்சாங்க. அளந்து பார்த்தா, பலபேருக்குக் கூடுதலாவே இருக்கான். கதவுக்குத்தான் காது மந்தம்."

"பாவம், தட்டுறவன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனைத் தூங்கவிடவில்லை. கடலை விட்டுத் தள்ளி மூலக்குளத்தில் வீடு இருப்பவனுக்கு மாலைதோறும் கடற்கரைச் சாலையில் என்ன வேலை? அவள் பள்ளி விடும் நேரத்தில் மட்டும் அவன் சைக்கிளின் சங்கிலி தவறாமல் கழன்றது. அவளும் நின்றாள், பேசினாள், கேலி செய்தாள்... தனக்குள் கனிந்தாள்.

பிறகு பாரிசிலிருந்து செய்தி வந்தது. பூவாயியின் இரத்தத்தில் இன்சுலின் மிகுதி; பின்னாளில் தாயின் நோய் மகளுக்கும் வரக்கூடும்.

அன்றுமுதல் அவள் வேறு தெருவழியே வீடு திரும்பினாள். சங்கிலி கழன்ற சைக்கிளோடு அவன் வெறுமனே நின்றான். ஒருநாள், கரையேறிய படகுகளுக்கிடையே அவளைக் கண்டுபிடித்தான்.

"எங்கம்மாவை எங்கப்பா பரிதாபமா பார்க்கிறதைத் தெனம் பார்க்கிறேன்" என்றாள், கடலைப் பார்த்தபடி. "நாளைக்கு அந்தப் பார்வை உங்க கண்ணுல வந்தா, என்னால தாங்க முடியாது. போயிடுங்க."

"எனக்கும் ஒரு ஜாதகம் எழுதி வெச்சிருந்தாங்க" என்றான் அவன். "பொண்டாட்டி நிலைக்க மாட்டாள்னு அதுல இருந்துச்சு. அடுப்புல போட்டேன். தாள்ல எழுதினதை எரிச்சவன், உங்க இரத்தத்துல எழுதினதைப் பார்த்துக் கைகட்டி நிப்பேனா? அளவு எச்சரிக்கை பண்ணும், அவ்வளவுதான். தீர்ப்பு சொல்ல அது யாரு?"

 இன்னொரு முறை இரத்தம் எடுக்கலாம் என்று அவன் கெஞ்சியபோது அவள் தலையசைத்தாள்.

மறுநாள் காலை. ஆய்வுக்கூடத்து ஜன்னலில் இளவெயில்.

"வெறும் வயிறுதானே?"

"இன்னிக்குச் சுத்தமா வெறும் வயிறு. அன்னிக்காவது ரெண்டு லோட்டா பானகம் குடிச்சிருந்தேன்."

ஊசி அவன் கையில் அப்படியே நின்றது. "பானகமா? ஒண்ணும் சாப்பிடலைன்னீங்களே!"

"சாமிக்குப் படைச்சது முசியே. பிரசாதம் சாப்பாட்டுல சேருமா?"

கன்னியப்பன் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "வெல்லத்துக்கு ஏது டீச்சர் பக்தி? அத்தனை சர்க்கரை உள்ள போனா, தட்டுற ஆளு கூட்டமா ஓடி வராம என்ன செய்வான்?"

அவள் முகம் சிவந்தது... வெட்கமா, விடுதலையா? மெல்லக் கையை நீட்டினாள்.

"இன்னிக்கும் அளவு அதிகமா இருந்தா?"

"எங்க வீட்டுல வெல்லப் பானையை ஒளிச்சு வெப்பேன். சாயங்காலம் ரெண்டு பேரும் கடற்கரையில நடப்போம்."

"இல்லைன்னா?"

"அப்பவும் நடப்போம். நான் தட்டிக்கிட்டேதான் இருப்பேன், பூவாயி."

முதன்முறையாகத் தன் பெயரை அவன் குரலில் கேட்டாள். இமைகள் தாழ்ந்தன.

"மழையில மோதின அன்னிக்கே கதவுக்குக் கேட்டுடுச்சு முசியே... திறக்கத்தான் பயமா இருந்துச்சு."