விளாவிய நீர்

மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்த பிறகுதான் உத்தமன் பார்த்தான், இடது காலில் செருப்பு இல்லை. பால் கடையிலிருந்து ஹெப்பகோடித் தெருவின் ஜல்லியையும் மழைச்சேற்றையும் வெறுங்காலால் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறான். உள்ளங்காலில் ஒரு கண்ணாடித் துண்டு பாதி ஏறி நிற்கிறது. எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலியில்லை. அடுப்படியில் நின்ற மனைவி உஷா திரும்புவதற்குள் கட்டிலில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

பிடரிக்குக் கீழே, தண்டுவடத்தை ஒட்டி வளர்ந்த கட்டிக்குப் போன வருஷம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதே கையோடு கட்டியைச் சூடேற்றும் சிகிச்சையும் கொடுத்தார்கள். கட்டி கரைந்தது. ஆனால் டாக்டர் ஐரின் அப்போதே எச்சரித்திருந்தார். "ரெண்டும் சேர்ந்தா தண்டுவடமும் அடி வாங்கலாம். அது உடனே தெரியாது, பல மாசம் கழிச்சுத்தான் தெரியும். சூடு, குளிர்ச்சி தெரியலைன்னா அன்னிக்கே ஓடி வரணும்."

அவன் ஓடவில்லை. எப்படி ஓடுவான்? 'கரண்ட் வச்ச உடம்பு, பிள்ளையைத் தொட விடாதே' என்று வாணியம்பாடியிலிருந்து மாமியார் போனில் ஓதிக்கொண்டே இருந்தாள். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உஷா மனசு இறங்கியிருந்தாள். இப்போது கால் மரத்துப்போச்சு என்று தெரிந்தால் போதும், மாமியார் மறுநாளே வந்து ஷ்ரேயாஸைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பிள்ளை இல்லாத அந்த வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, இன்னிக்கு நீங்களே குளிப்பாட்டுறேன்னீங்களே, நெஜமாவா?"

"என் பையன எனக்குக் குளிப்பாட்டத் தெரியாதா? நீ போய்த் துணியக் காயப்போடு."

"தண்ணி தளதளன்னு கொதிச்சிருக்கு. பச்சத்தண்ணி ஊத்தி நல்லா விளாவிக்குங்க."

அவள் மொட்டைமாடிக்கு ஏறிய சத்தம் கேட்டது. கீழே வீட்டுக்காரர் முனிராஜ் போர் மோட்டாரைப் போட்டார். சுவரெல்லாம் உறுமியது.

குளியலறையில் சுவரோடு முதுகைச் சாய்த்து, மணையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டான். எண்ணெய் பூசிய பிள்ளையை இரண்டு கால்களுக்கும் நடுவே மல்லாக்கக் கிடத்தினான். ஐந்து மாசப் பிள்ளையின் கனம் தொடையிலும் தெரியவில்லை, முழங்காலிலும் தெரியவில்லை. அதுபாட்டுக்கு அவனைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. அடேய், என் ராசா. கால் போனால் போகட்டும். கை இருக்கிறதே.

பேசினில் பச்சைத் தண்ணீர் இருந்தது. பக்கெட்டிலிருந்து ஒரு மக் வெந்நீரை மொண்டு ஊற்றிக் கைவிட்டுப் பார்த்தான். சூடே இல்லை. இன்னொரு மக். அப்போதும் இல்லை. இன்னும் இரண்டு. பிள்ளைக்குச் சளி பிடித்துவிடக் கூடாதே என்று மேலும் ஊற்றினான். மக் ஒருமுறை கைநழுவியது. எண்ணெய்க் கை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டான். அறை முழுக்க எண்ணெய் வாசனையும் வெக்கையும் நிறைந்தன. கண்ணாடி மூடுபனியாய் வெளுத்தது. முழங்கை வரை விட்டுப் பார்த்தான். இப்போதும் ஒன்றுமில்லை. சரி, இதமாகத்தான் இருக்கும்.

பேசினிலிருந்து மக் நிறைய மொண்டு பிள்ளைக்கு மேலே கொண்டுவந்தான்.

ஆவி முகத்தில் அடித்தது.

சுட்டது.

முகம் மட்டும் சுட்டது. அவன் தன் கையைப் பார்த்தான். முழங்கை வரை செக்கச்செவேலென்று இருந்தது. புறங்கையில் தோல் கொப்புளித்து எழும்பிக்கொண்டிருந்தது. அது வேறு யாருடைய கையோ போல இருந்தது.

ஐயோ.

மக்கை அப்பால் எறியக் கையை ஏவினான். கை கேட்கவில்லை. இடது கையால் பிள்ளையைத் தள்ளப் பார்த்தான். அந்தக் கை தரையில் கிடந்தது, கிடந்தபடியே கிடந்தது.

"உஷா!"

மோட்டார் உறுமியது.

"உஷா... உஷா..." மூச்சு நெஞ்சிலேயே நின்றது. குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

மக்கின் விளிம்பில் நீர் தளும்பியது. விரல்கள் தளர்ந்தன. முதலில் சுண்டுவிரல். பிறகு அடுத்தது. பிள்ளை அந்தச் சிவப்பு மக்கைப் பிடிக்க இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தது.

வேண்டாம் சாமி. என் மேல் விழட்டும். என் மேல்.

தலையை முன்னால் தள்ளினான். முதுகுத்தண்டில் மின்சாரம் வெட்டியது. உடம்பு மடிந்து, முழுக் கனத்தோடு பிள்ளையின் முகத்தின் மேல் கவிழ்ந்தது.

மக் தரையில் உருளும் சத்தம் கேட்டது.

நீர் விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது? முதுகிலா? பிடரியிலா? அவனுக்குத் தெரியவில்லை. எங்கும் சுடவில்லை. சுற்றிலும் ஆவி எழும்பியது. எழுந்து பார்க்க வேண்டும், ஒரு விரல்கூட அசையவில்லை.

மோட்டார் நின்றது.

அவனுக்கு அடியில் சிரிப்புச் சத்தமும் இல்லை, அழுகைச் சத்தமும் இல்லை.