துயெட் அக்காவுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

“புதுசாவே வாங்கியிருக்கலாமே?” என்று காலையில் கேட்டிருந்தான் தோவான்.

“புதுசெல்லாம் வெறும் அட்டைங்க. இது ஜப்பான்லேர்ந்து வந்த பழசு, அசல் மரம். பேரம் பேசியே கடைக்காரர அழ வச்சுட்டேன்” என்று சிரித்தாள் ஹியென். “அக்காவோட நினைவு நாளுக்குப் பாட்டு வேணாமா? பாட்டுன்னா அவங்களுக்கு உயிருன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொல்லியிருந்தான். முதல் மனைவி துயெட் இறந்த மதியம் வீட்டில் ஏன் அத்தனை சத்தமாகப் பாட்டு ஓடியது என்று சந்து ஜனமே கேட்டபோது சொன்ன பதில் அது. ஹியெனும் அதையே நம்பினாள். அந்த நம்பிக்கை உடைந்தால் அவளும் போய்விடுவாள்.

பூ வாங்கிக்கொண்டு திரும்பியபோது, படையல் மேடைக்கு இருபுறமும் ஸ்பீக்கர்கள் நின்றன. இடது பெட்டியின் மூலை பெயர்ந்திருந்தது. அந்த மதியம் பாடிய ஸ்பீக்கர்களை வேறு ஊர்ச் சந்தையில் விற்றுத் தொலைக்கத் தூக்கிப் போனபோது, மாடிப்படியில் இடித்து அவனே பெயர்த்த மூலை.

தகரக் கூரையில் சைகோன் மழை கொட்ட, இளநீரில் கொதிக்கும் பன்றி இறைச்சியின் மணமும் ஊதுவத்திப் புகையும் கூடத்தில் கலந்து நிற்க, ஸ்பீக்கரோடு வந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தரையில் முனக, பாட்டுக்கு அடியில் வேறொன்று மெல்ல ஏறி இறங்கியது.

“யாரோ மூச்சு விடுற மாதிரி இல்ல?” அடுக்களையிலிருந்து ஹியென் கேட்டாள்.

“பழசுன்னா இரையத்தான் செய்யும்.”

டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி எறிந்தான். ஆம்ப்ளிஃபயரை நேராகச் சுவரில் செருகினான். நம்மூர் மின்சாரம் அதை எரித்துவிடும். எரியட்டும்.

சட்டென ஒரு வெடிப்பு. கருகல் நாற்றம். பாட்டு நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

ஸ்பீக்கர் கம்பிகளை அறுத்தான். இப்போது இரண்டு பெட்டிகளிலும். திணறும் மூச்சு. அவனுக்குத் தெரிந்த மூச்சு.

ஹியென் கரண்டியோடு வந்து நின்றாள். அறுந்த கம்பிகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் முன் மண்டியிட்டாள்.

“கிட்டப் போகாத.”

“அக்கா?” என்றாள் அவள்.

பெட்டியின் முகத்துணி உள்ளே இழுபட்டது. திறந்த வாய் ஒன்றில் ஒட்டிக்கொண்டது போல. துணிக்குப் பின்னால் உதடுகள் அசைந்தன.

“தங்கச்சி… மூஞ்சிமேல இருக்கிற தலையணைய எடுக்கச் சொல்லேன், அவர.”