குழாயின் இழுப்பு

குழாயைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை. குழாய் வாயில் வைத்துப் பார்த்த மாணிக்கவேலின் விரல் உள்ளே இழுபட்டது. ஈரத்துணி கல்லில் ஒட்டுவதுபோல் ஒட்டிய விரலைப் பலங்கொண்டு பிடுங்க வேண்டியிருந்தது.

2004ஆம் ஆண்டுக் கோடை. அழுத்தம் குறையக் குறைய, அந்தத் தெருவில் ஆளாளுக்கு வாசலில் குழி தோண்டிக் குழாயைக் கீழே இறக்கியிருந்தார்கள். உடைந்த பீங்கான் துண்டுகளால் அணைகொடுத்த குழிக்குள் இறங்கி, ரப்பர் டியூப்பை மாட்டி வாயால் உறிஞ்சினால்தான் நூல்போலத் தண்ணீர் ஏறும். இன்று அதுவும் இல்லை. நான்கு மணிக்குத் திட்டக்குடியிலிருந்து மகள் பிரபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"எதுத்த வூட்டு நீலாவதிகிட்ட ரெண்டு கொடம் கேக்கட்டுமாங்க?" என்றாள் மனைவி அம்சவல்லி.

"வர்றவங்க கால் கழுவ அடுத்தவன் வூட்டுத் தண்ணியா? நம்ம மானம் என்னாவறது?"

"அந்த மானத்தையே சொம்புல மோந்து குடுங்க."

மோட்டார் வைத்துத் தெருத்தண்ணீரை உறிஞ்சியதற்காகப் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியைப் போன மாதம் நடுத்தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியவர் மாணிக்கவேல். இப்போது, உள்ளூரில் தெரிந்துவிடும் என்று பெண்ணாடத்தில் வாங்கிக் கட்டிலடியில் ஒளித்திருந்த மோட்டாரை அவரே எடுத்தார். குளியலறைக் குழாயில் மாட்டினார். கதவைச் சாத்தி, சத்தம் வெளியே கேட்காதபடி சாக்கைப் போர்த்தினார்.

மோட்டார் வறட்டுத்தனமாக உறுமியது. சூடான ரப்பரும் நனைந்த களிமண்ணும் கலந்த நெடி எழுந்தது. குழாய்க்குள் தொலைவில் யாரோ இருமுவதுபோல் ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. பிறகு தண்ணீர் கொட்டியது. வெதுவெதுப்பாக. யாரோ மென்ற வெற்றிலையின் வாசத்தோடு.

தொட்டி நிறைந்ததும் சுவிட்சை அணைத்தார். தண்ணீர் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார்.

நிற்கவில்லை.

வந்தவர்கள் கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சொம்பைக் கவிழ்த்துக் குடித்தார். "தண்ணி இனிக்குதுங்க. எங்க ஊர்ல இப்படிக் கெடைக்காது. இன்னொரு சொம்பு குடுங்க."

மாணிக்கவேல் சிரிக்க முயன்று ஜன்னல் பக்கம் திரும்பினார். வெயிலில் நீலாவதி குடத்தோடு தன் வாசல் குழிக்குள் இறங்கினாள். குனிந்தாள். டியூப்பை வாயில் வைத்தாள்.

நிமிரவில்லை.

அவள் கை மண்ணைப் பிறாண்டியது. இந்தப் பக்கம், இவர் வீட்டை ஒட்டிய குழியில் கொளஞ்சியின் முதுகு. அசைவில்லை. சட்டைக்குள் எலும்புகள் மட்டும் துருத்தின.

கத்தினால் போதும். ஓடிப்போய் அவளைப் பிடுங்கலாம். எல்லோரும் வருவார்கள். மோட்டாரைப் பார்ப்பார்கள். பிரபாவைப் பார்க்க வந்தவர்களும் பார்ப்பார்கள்.



"என்னங்க, வெளிய என்ன?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஒண்ணுமில்லீங்க."

நீலாவதியின் கன்னம் உள்ளே ஒடுங்கியது. மணிக்கட்டு சுள்ளியாக மெலிந்தது. கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக நழுவின. குழிக்குள் விழுந்தன. கண் மட்டும் அவரையே பார்த்தது.

உள்ளே, தண்ணீர் இன்னும் வேகமாகக் கொட்டியது.