விடாத கிளச்

நேர்மையாக உழைத்தவனைத் தெய்வம் கைவிடாது. வால்பாறையின் நாற்பது வளைவுகளிலும் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டிய மாரப்பன் இதை அன்று காலை எட்டு மணி வரை நம்பினார். எட்டு ஐந்துக்கு, லாரிக்குள்ளிருந்த மாசாணியம்மன் படத்துக்குச் சூடம் காட்டிய கையோடு, முதல் கியர் விழவில்லை.

பத்து மணிக்கு உக்கடத்தில் மெக்கானிக் கோமளாவின் பட்டறைக்கு வெறுங்காலோடு வந்து சேர்ந்தார்.

"ரெண்டு மெக்கானிக் பாத்துட்டாங்க அம்மணி. கியர்பாக்ஸை இறக்கோணுமாம். இறக்குனா நாந்தான் கெடுத்தேன்னு மொதலாளி வேலைய உட்டு அனுப்பிப்போடுவாரு. எல்லா ஷெட்டுக்கும் போன் போட்டுச் சொல்றேன்னு வேற நிக்கறாரு. இந்த வயசுல எனக்கு ஆரு வண்டி குடுப்பாங்க?"

"செருப்பு எங்கீங்ணா?" என்றாள் கோமளா.

"வண்டிப் படிக்குக் கீழ உட்டிருந்தேனுங்க. பூஜை முடிஞ்சு பாத்தா காணோம். வாருல ஊக்குக் குத்துன பழசு, அதைப் போயி ஆரு எடுப்பா? அதை உடுங்க, கியரு..."

"சதி!" என்றார் கோமளாவின் கணவர் பாலகோபால். டயரில் ஆணி குத்தினாலும் சதி என்பவர் அவர். டார்ச் ஏற்கெனவே கையில் இருந்தது.

லாரி நின்ற ஷெட்டில் முதலாளி சென்னகேசவன் காத்திருந்தார். பட்டுக்கரை வேட்டி, கோவில் கமிட்டித் துண்டு, ரப்பர் செருப்பு. லாரிக் கதவில் அவரே எழுதவைத்த வாசகம்: 'இது ஆலயம். காலணியுடன் ஏறாதே.' உள்ளே அன்று காலை விரித்த சிவப்புக் கம்பளம்.

"கம்பளத்தை மட்டும் ஆரும் தொடக்கூடாது. அம்மனுக்கு விரிச்சது," என்றார். "ஏப்பா மாரப்பா, கியரையும் ஒடச்சுபோட்ட. காலைல நாய் வந்து என் ஒத்தைச் செருப்பைத் தூக்கிட்டுப் போச்சு, அதையும் பாக்கலை. உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?"



கோமளா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இன்ஜின் நின்றிருந்தபோது ஐந்து கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன. ஓடும்போது ஒன்றும் விழாமல் கறகறத்தது. இன்ஜினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, கிளச்சை மிதித்தபடியே சாவியைத் திருப்பினாள். லாரி முன்னால் துள்ளியது. சென்னகேசவன் பின்னால் துள்ளினார்.

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கணவரைக் கேட்டாள்: "ஏனுங்க, நான் மிதிக்கறப்ப அடியில கிளச் ராடு எப்படி நகருது?"

"பாதிதான் நகருது அம்மணி!" என்று டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்த பாலகோபால் கத்தினார். "ஆயில் ஒழுகலை. நிச்சயம் சதி!"

கோமளா கையால் பெடலை அமுக்கினாள். பாதியில், மெத்தென்று நின்றது.

"கியர்பாக்ஸ் கெட்டிருந்தா இன்ஜின் நின்னாலும் மக்கர் பண்ணோணுங்க. பண்ணலை," என்றாள். "கிளச் பிளேட் தேஞ்சிருந்தா வண்டி இழுக்காது. இது கிளச்சை மிதிச்ச பொறவும் இன்ஜினை விடாம இழுக்குது. அப்ப இது பிடிக்காத கிளச் இல்லை, விடாத கிளச். ஆயில் குறைஞ்சிருந்தா பெடல் தொபுக்குன்னு அடி வரைக்கும் போயிரும். இது போகவே மாட்டேங்குது. என்னமோ தடுக்குது. மாரப்பண்ணா, இன்னிக்கு உங்களுக்கு முன்னாடி இந்தச் சீட்டுல உக்காந்தது ஆருங்க?"

"மொதலாளிங்க. போட்டோவுக்கு. நான் அப்ப சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சுட்டிருந்தேன்."

"கம்பளத்தைத் தொடாதே!" என்றார் சென்னகேசவன். அதற்குள் அவள் தூக்கிவிட்டாள்.

கிளச் பெடலுக்கு நேர் கீழே ஒரு தோல் செருப்பு கிடந்தது. அடிப்பாகம் ஒன்றரை அங்குலத் தடிமன். முதலாளியின் உயரத்தில் அதற்கும் ஒரு பங்குண்டு.

"செருப்போட ஏறிட்டீங்க. அம்மன் பாக்குதேன்னு கழட்டிக் கம்பளத்துக்கு அடியில தள்ளிட்டீங்க. இறங்கறப்ப ஒண்ணுதான் கைக்குக் கெடைச்சுது. இன்னொண்ணு உள்ள கெடக்குதுன்னு போர்டு எழுதுன நீங்களே எப்படிக் கேப்பீங்க? நாய் மேல போட்டுட்டீங்க."



"எல்லா ஷெட்டுக்கும் போன் நீங்க போடறீங்களா, நான் போடட்டுங்களா?" என்றார் பாலகோபால் ஆசையாக.

"மாரப்பா," என்றார் முதலாளி. "நீயே வண்டிய எடு. எப்பவும் நீதான்."

மாரப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். முதல் கியர் வெண்ணெயாக விழுந்தது. அப்போதுதான் அவர் சன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.

முதலாளியின் காலிலிருந்த ரப்பர் செருப்பின் இடது வாரில் ஊக்குக் குத்தியிருந்தது.