பந்து தொலைத்த நெட்டை

பள்ளி அரங்கத்தில் நாடக ஒத்திகை. ஒரே களேபரம். விடிந்தால் அறிவியல் விழா!

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். அதுதான் டி.என்.ஏ. ஏணி. நம் உடம்பு எப்படி வளர வேண்டும் என்ற குறிப்பெல்லாம் செல்லுக்குள் இருக்கும் அந்த ஏணியில்தான் இருக்கிறது. கோத்த கைகளுக்கு நடுவே மஞ்சள் பந்துகள். அவை எலெக்ட்ரான்களாம்.

வாயாடி கையில் டார்ச்சுடன் பாய்ந்து வந்தாள். அவள்தான் கதிர்வீச்சு. தண்ணீர் மூலக்கூறாக ஓரமாக நின்ற பிள்ளைகளுக்குள் "டமார்!" என்று புகுந்தாள். தண்ணீர் பிய்ந்தது. அதிலிருந்து தெறித்து வந்தான் நெட்டை. வகுப்புக்குப் புதியவன். இப்போது அவன் ஃப்ரீ ராடிக்கல். தன் எலெக்ட்ரானுக்கு ஜோடி இல்லாததால், கண்ணில் பட்டவரிடம் பிடுங்க வேண்டும்.

ஏணியிலிருந்து ஒரு பந்தைப் பிடுங்கினான். அந்த இழுப்பில் மொத்த ஏணியும் பொத்தென்று விழுந்தது.

"ஐயோ, என் முட்டி!"

"மிஸ், இவன் நிஜ வில்லன் மிஸ்!"

நெட்டையின் முகம் சுண்டிப்போனது. மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கே திரைக்கயிற்றோடு சுண்டெலி நின்றிருந்தாள். வகுப்பிலேயே குட்டிப் பெண் அவள்.

"நாளைக்கு நான் வரல," என்றான் நெட்டை. "எங்கம்மா ஆசையா பார்க்க வராங்க. நான் எல்லாரையும் தள்ளிவிடறதையா பார்க்கணும்? ஜோடி பிரிச்சப்போ நான்தான் மிச்சம். அதான் இந்த வேஷம்."

"அன்னைக்கு எனக்கு ஜுரம்டா! வந்திருந்தா நான்தான் உன் ஜோடி," என்றாள் சுண்டெலி. அவளுக்கு மனசே கேட்கவில்லை. நேராக டீச்சரிடம் ஓடினாள்.

"மிஸ், ராடிக்கலுக்கு யாராவது தானா எலெக்ட்ரான் குடுத்தா?"

"அடங்கிடும். அப்படிக் குடுக்கிற மூலக்கூறு நம்ம உடம்புலயே இருக்கு. ஆனா ராடிக்கல் படுவேகம். சில சமயம் அது முந்திக்கும். அப்போ ஏணியைச் சரிபண்ணவும் ஆளுங்க இருக்காங்க."

"அப்போ நான் குடுக்கிறேன் மிஸ்!"

"திரையை யாரு இழுப்பா?"

"அதையும் நானே இழுக்கிறேன்!"

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. சுண்டெலி புது ஏற்பாட்டைச் சொன்னதும் நெட்டையும் மனசு மாறி வந்திருந்தான். முதல் தடவை நெட்டை முந்திக்கொண்டான். பந்து போனது, ஏணி அறுந்தது. ரிப்பேர் வேலையாட்களாக வந்த இருவர் அரக்கப்பரக்கச் சரிசெய்தார்கள். சபை கொல்லென்று சிரித்தது.

மறுபடி டார்ச் அடித்தது. நெட்டை பாய்ந்தான். ஆனால் வழியில், இரண்டு கைகளாலும் பந்தை நீட்டியபடி சுண்டெலி!

"இந்தா, வச்சுக்கோ!"

நெட்டை வாங்கிக்கொண்டான். அப்படியே நின்றான். சிரிப்பு காதுவரை போனது. ஏணி அசையவே இல்லை. முன்வரிசையில் அவன் அம்மா எழுந்து நின்று கைதட்டினார்.

கைதட்டல் ஓய்ந்தும் இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"திரை! திரை!" என்று டீச்சர் கிசுகிசுத்தார்.

சுண்டெலி ஓடிப்போய்க் கயிற்றில் தொங்கினாள். திரை நகர்ந்தால்தானே! நெட்டை வந்து அவளோடு சேர்ந்து ஓர் இழுப்பு இழுத்தான். சர்ரென்று மூடிக்கொண்டது.

அவன் இழுத்ததற்கு இந்த முறை யாரும் திட்டவில்லை.